கடல் இல்லாத முகப்புப் பக்கம்

ஒரு பக்கத்தைச் செஞ்சு முடிச்ச உடனே அவ கதிரையை விட்டு ஒழும்பிடுவா. கடை வாசலுக்குப் போய், றோட்டோரத் தண்ணிக் கானுக்கு மேல போட்டிருந்த கொங்கிரீட் பலகையில ஏறி நிப்பா. தலையை ஒரு பக்கம் சரிச்சு, ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உள்ளுக்கு இருக்கிற கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பா. பிறகு எனக்குக் கூப்பாடு வரும்.

"ராத்தா, இஞ்ச வாங்க. இதுல நிண்டு பாருங்க. என்ன தெரியுது?"

"எழுத்து தெரியுது."

"என்ன எழுத்து?"

"இவ்வளவு தூரத்துல இருந்து என்னெண்டுகா தெரியும்?"

"அப்ப பக்கத்துல வந்தவனும் வாசிக்க மாட்டான்" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போவா. செஞ்சது முழுக்கப் பிரிச்சுப்போட்டு முதல்ல இருந்து தொடங்குவா. எனக்குப் பத்திக்கொண்டு வரும். நான் எழுதிக் குடுத்த செய்தி காலையில இருந்து காய்ஞ்சுகொண்டு கிடக்கும், இவ வாசல்ல நிண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிப்பா. ஒருக்கா கல்யாணம் முடிக்காத வாத்தியார் ஒருத்தர், தனக்குத்தான் கண்ணடிக்கிறா எண்டு நினைச்சு, ஒரு கிழமையாச் சைக்கிளை எங்கட கடைக்கு முன்னாலயே உருட்டிக்கொண்டு திரிஞ்சாரு. விசயத்தைச் சொன்ன பிறகு அந்த மனுசன் அந்த றோட்டாலயே வாறல்ல.

அவட பேரை நான் எழுதல்ல. எழுதினா, "என்ட பேரைப் போட்டு இவ்வளவு இடத்தை ஏன் வீணாக்கினீங்க?" எண்டு கேட்பா. பேரை விட இடம்தான் அவவுக்குப் பெருசு.

கடல் வந்து எங்கட ஊரை அடிச்சிட்டுப் போன பிறகு, கல்முனை றோட்டுல கோல் எடுக்கவும் இன்டர்நெட் பார்க்கவும் ஒரு கொமினிகேஷன் கடை வச்சிருந்த முதலாளி காக்கா ஊருக்கெண்டு ஒரு இணையத்தளம் தொடங்கினாரு. கட்டார்லயும் சவூதியிலயும் இருக்கிற எங்கட ஆக்கள் ஊர்ப் புதினம் பார்க்கணும் எண்டது அவர்ட ஆசை. எழுதுறதுக்கு நான். எழுதுறதெண்டா, ஒரு விசயத்தைத் தொட்டா அதுட பூட்டன் காலத்துல இருந்து தொடங்குற ஆள் நான். கோவக்காரியும்தான், அதை நானே சொல்லிர்றன்.

அவ வர முந்தி அந்தத் தளம் கல்யாண ஊட்டுப் பந்தல் மாதிரிக் கிடந்த. முதலாளி காக்காட கைவண்ணம். மேல பச்சை எழுத்து இந்தப் பக்கம் ஓடும், கீழ சிவப்பு எழுத்து அந்தப் பக்கம் ஓடும். நடுவுல ஒரு ரோசாப்பூ விரிஞ்சு விரிஞ்சு சுருங்கும். திறந்த உடனே ஒரு பாட்டுத் தானாப் படிக்கத் தொடங்கும், அதை நிப்பாட்டுற வழி அதைப் போட்டவருக்கே தெரியா. ஒருநாள் ஒருத்தர்ட மரணத்துக்குப் போட்ட ஜனாஸா அறிவித்தலுக்குப் பக்கத்துலயும் அந்த ரோசாப்பூ விரிஞ்சுபோச்சு. மௌத்தானவர்ட மகன் கட்டார்ல இருந்து கோல் எடுத்தான். "எங்கட வாப்பா மௌத்தானது உங்களுக்குப் பெருநாளா?" எண்டு கேட்டான்.

அவ அந்தக் கடைக்கு வந்தது ஆக்கள்ட விண்ணப்பம், கடிதம் டைப் அடிக்கிறதுக்கு. வந்து கொஞ்ச நாளைக்குள்ள முதலாளி காக்காட்டக் கேட்டா:

"காக்கா, இந்த ஓடுறதையெல்லாம் நிப்பாட்டுவமா? பார்க்கத் தல சுத்துது."

"தல சுத்தினாத்தான் புள்ள, ஆக்கள் நிண்டு பார்ப்பாங்க."

"தல சுத்தினா ஆக்கள் உழுவாங்க காக்கா, நிக்க மாட்டாங்க."

அவரு விடல்ல. அவ சண்டையும் பிடிக்கல்ல. கிழமைக்கு ஒண்டா ஒண்டா எடுத்தா. முதல்ல பாட்டு போச்சு. பிறகு பச்சை எழுத்து நிண்டிச்சு. பிறகு சிவப்பு. அவருக்கு ஒண்டும் விளங்கல்ல, "இப்பெல்லாம் நம்மட சைட்டு கெதியாத் திறக்குது, என்ன?" எண்டு சந்தோசப்பட்டாரு. ரோசாப்பூவை எடுத்த அண்டைக்குத்தான் பிடிபட்டா.

"எங்க புள்ள என்ட பூ?"

"வாடிப் போச்சி காக்கா. ஆரும் தண்ணி ஊத்தல்ல."

கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சதுல அவரும் சிரிச்சுப்போட்டாரு. அதோட பக்கம் முழுக்க அவட கைக்கு வந்திச்சு.

ஆனா வெள்ளையா விட்ட இடம் மட்டும் முதலாளி காக்காட கண்ணைக் குத்திக்கொண்டே இருந்த. "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, இதுல ஒரு ஃபேன்சிக் கடை விளம்பரம் போட்டா என்ன?" எண்டு ஒவ்வொரு நாளும் கேட்பாரு. அவ ஒருநாள் பொறுக்க மாட்டாமக் கேட்டா: "காக்கா, கல்யாண ஊட்டுல சஹன் தட்டு வைக்கிறாங்க. சோத்துக்கு மேல இறைச்சி, கத்தரிக்காய், அச்சாறு எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டிக் குழைச்சு வச்சா நீங்க கை வைப்பீங்களா? ஒவ்வொண்டும் ஒவ்வொரு மூலையில இரிந்தாத்தானே, எனக்கு இது வேணும் எண்டு கை போகும்?"

முதலாளி காக்கா சாப்பாட்டுப் பிரியர். அதுக்குப் பிறகு வெள்ளை இடத்தைப் பத்திக் கதைக்கவே இல்ல. விளம்பரக்காரன் ஆரும் வந்து இடம் கேட்டா, "அது சஹன் மாதிரி தம்பி, உனக்கு விளங்கா" எண்டு திருப்பி அனுப்புவாரு.

பெருநாளைக்கு எங்கட கைக்கெல்லாம் மருதோண்டி வைக்கிறதும் அவதான். "ராத்தா, உள்ளங்கை முழுக்கப் பூப் போட்டா பூவும் தெரியா, கையும் தெரியா" எண்டு ஒரு கொடியோட நிப்பாட்டிடுவா. "கஞ்சப் பிசிநாறி" எண்டு ஏசிக்கொண்டு கையை நீட்டுவன். ஆனா பெருநாள் விருந்துல எல்லாரும் என்ட கையைத்தான் பிடிச்சுப் பார்ப்பாங்க.

அவட இன்னொரு பழக்கம் எனக்குக் கட்டோட பிடிக்காது. கடையில வந்து எங்கட தளத்தைத் திறந்து வாசிக்கிறவங்கட முதுகுக்குப் பின்னால தூசி தட்டுற மாதிரிப் போய் நிப்பா. திரையைப் பார்க்க மாட்டா, அவங்கட கண்ணைத்தான் பார்ப்பா. எந்த இடத்துல நிக்குது, எந்த இடத்துல வழுக்கிப் போகுது எண்டு கணக்கெடுத்துக்கொண்டு வந்து எனக்கிட்டச் சொல்லுவா.

"ராத்தா, உங்கட கட்டுரையில ரெண்டாம் பந்திக்கு வந்த உடனே எல்லாரும் கொட்டாவி விடுறாங்க."

"அவங்க ராவுல நித்திரை கொண்டிரிக்க மாட்டாங்க."

"எல்லாருமா ராத்தா?"

அண்டைக்கு நான் அவவோட கதைக்கல்ல. தேத்தண்ணி கொண்டு வந்து மேசையில வச்சா, குடிச்சன், கதைக்கல்ல.

மாவடிப்பள்ளிப் பக்கம் வயலுக்குத் தண்ணி வராத விசயத்தை ஒருக்கா நான் நீட்டி நீட்டி எழுதினன். உயிரைக் குடுத்து எழுதின கட்டுரை அது. அவ அதை வாங்கி, நாலஞ்சு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்னத் தலைப்புப் போட்டு வச்சிருந்தா. எனக்கு என்ட விரலை வெட்டின மாதிரி இருந்திச்சு. "ஆரைக் கேட்டு வெட்டின?" எண்டு பாய்ஞ்சன்.

"ஒரு எழுத்தையும் வெட்டல்ல ராத்தா. எண்ணிப் பாருங்க. மூச்சு விட இடம்தான் விட்டிரிக்கன்."

மேல போடுறதுக்கு நான் கூட்டத்துல எடுத்த படம் குடுத்திருந்தன். மேடையில வரிசையாப் பெரிய மனுசன்மார், மாலையோட. அவ அதைக் கீழ சின்னதாத் தள்ளிப்போட்டா. மேல பெருசாப் போட்டது ஒரு மனுசன் வாய்க்கால்ல குனிஞ்சு மண்வெட்டியால சேறு வழிக்கிற படம். முகம் தெரியல்ல. ரெண்டு காலும், காலுக்கு நடுவுல ஒரு சொட்டுத் தண்ணியும்தான் தெரியுது. "இது என்னகா, ஆரோ ஒருத்தன்ட காலு!" எண்டு நான் கத்தினன். அடுத்த நாள் றியாத்ல இருந்து ஒருத்தன் கீழ எழுதியிருந்தான்: "அது எங்கட மாமாட காலு. அந்தப் பித்தவெடிப்பை நான் எங்க கண்டாலும் கண்டுபிடிப்பன். இன்னுமா அந்த வாய்க்காலுக்குத் தண்ணி வரல்ல?" அதுக்குக் கீழ இன்னொருத்தன், அதுக்குக் கீழ இன்னொருத்தன். என்ட கட்டுரையைக் கடைசி வரைக்கும் வாசிச்சதுக்கு அடையாளமாக் கேள்வியெல்லாம் கேட்டிருந்தாங்க. அண்டைக்குத் தேத்தண்ணி நான் போட்டுக் குடுத்தன், அவவுக்கு விளங்கியிருக்கும்.

இவ்வளவு படம் போட்டவ, கடலை மட்டும் ஒருநாளும் போட்டதில்ல. மீன் போடுவா, கூடை மட்டும் தெரியும். தோணி போடுவா, தோணிட மூக்கு மட்டும் தெரியும். கடற்கரையில கிரிக்கட் விளையாடுற படம் வந்தா, பின்னால இருக்கிற தண்ணியை வெட்டி எடுத்துப்போட்டு மணலையும் பொடியன்களையும் வச்சுக்குவா. கோமாரியில இருந்து, அறுகம்பேயில இருந்து ஆரும் அனுப்பின படமெண்டாலும் அதே கதைதான். கடைசியா ஜித்தாவுல இருந்து ஒருத்தன் கேட்டே விட்டான்: "கல்முனைக் கடல் வத்திப் போச்சா? ரெண்டு வருசமாக் காணல்லயே."

முதலாளி காக்கா அதைக் காட்டிச் சிரிச்சாரு. அவ சிரிக்கல்ல. அவரு போன பிறகு எனக்கிட்டச் சொன்னா. அதைப் பத்தி அவ சொன்னது அந்த ஒருக்காத்தான்.

"எங்கட ஊடு கடலோரம் ராத்தா. உம்மா முத்தத்துல மீன் கழுவிக்கொண்டிருந்த. நான் குசினிக்குள்ள. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தன். உம்மாவைக் காணல்ல, முத்தத்தைக் காணல்ல, முழுக்கக் கடல். படத்துல கண்டாலும் எனக்கு நெஞ்சடைக்குது. வேணுமெண்டா இந்த வேலைக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லுங்க."

"வாயைப் பொத்து" எண்டன். "கடல் பார்க்க ஆசைப்பட்டவன் பிளேன் ஏறி வந்து பார்க்கட்டும்."

அவவும் வாப்பாவும் அப்ப உள்பக்கத்துல ஒரு வீட்டுத்திட்டத்துல இருந்தாங்க. மெயின் றோட்டைத் தாண்டி, கடல் இருக்கிற கிழக்குப் பக்கம் அவ கால் வைக்கிறதே இல்ல. அந்தப் பக்கம் கல்யாணம் எண்டா அன்பளிப்பை எனக்கிட்டத் தந்து அனுப்பிடுவா. நானும் போய், "அவவுக்குக் காய்ச்சல்" எண்டு சொல்லிச் சொல்லி, கிழக்குப் பக்கம் முழுக்க அவ ஒரு நோயாளி எண்டே நம்பிக்கொண்டு இருந்தாங்க.

கடல் அடிச்ச பிறகு எங்கட ஊர் இருந்த நிலையையும் சொல்லணும். ஒருத்தன் றோட்டுல நிண்டு "கடல் வருது" எண்டாப் போதும். கடை திறந்தபடி கிடக்கும், அடுப்புல சோறு கொதிச்சபடி கிடக்கும், சனம் மேற்கால வயல் பக்கம் ஓடும். ஒருநாள் காலையில அப்படி ஒரு கதை கிளம்பினிச்சு. முதலாளி காக்கா அங்க இங்க கோல் எடுத்து விசாரிச்சாரு, பச்சைப் பொய். "கெதியாப் போடு" எண்டாரு. நான் தலைப்பு எழுதினன்: "சுனாமி வருவதாகப் பரவும் செய்தியில் உண்மை இல்லை."

அவ அதைப் போட்டா. அவசரத்துல போட்டா. தலைப்பு நீளம், ஒரு வரியில கொள்ளல்ல. முதற் சொல்லை மட்டும் பெருசாச் சிவப்புல போட்டு, மிச்சத்தைக் கீழ சின்னதாப் போட்டா. அந்த நேரம் முதலாளி காக்கா ஆக்களை இழுக்கிறதுக்கெண்டு ஒரு பெரிய திரையைக் கண்ணாடிக்குள்ளால றோட்டைப் பார்க்கத் திருப்பி வச்சிருந்தாரு. றோட்டுல போனவங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சொல்லு. சுனாமி.

சோத்துப் பார்சல் வாங்கிக்கொண்டு போன மனுசன் ஒருத்தர் பார்சலை அந்தக் கொங்கிரீட் பலகையில போட்டுட்டுக் கத்திக்கொண்டு ஓடினாரு. அவரைப் பார்த்து பஸ்ஸுக்கு நிண்டவங்க ஓடினாங்க. கதையை நம்பாம ஊட்டுல இருந்தவங்களும், "வெப்சைட்டுலயே போட்டுட்டானாம்" எண்டு கேள்விப்பட்டு ஓடினாங்க. முதலாளி காக்காட மாமி கோழியைக் கக்கத்துல இடுக்கிக்கொண்டு மாவடிப்பள்ளிப் பக்கம் போயிட்டா. அடுத்த நாள் பகலைக்குத்தான் திரும்பி வந்தா, கோழியோட. வந்த உடனே மருமகன்ட முகத்துக்கு நேர கையை நீட்டி, "அந்தப் பொட்டையை முதல்ல நிப்பாட்டு" எண்டா.

அவரு நிப்பாட்டல்ல. ஆனா, "இன்னொருக்கா இப்படி நடந்தா சைட்டை மூடிருவன் புள்ள, சொல்லிட்டன்" எண்டாரு.

நான் அவவைச் சிரிக்க வைக்கிறதுக்குக் கோழிக் கதையைச் சொல்லிப் பார்த்தன். அவ திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. "ஓடினவங்கள்ல எங்கட உம்மாட வயசு ஆக்கள் எத்தனை பேர் ராத்தா. விழுந்து எழும்பி ஓடினாங்க. நான்தானே ஓட வச்சன்" எண்டா. அவ சிரிக்காம இருந்த கிழமை அது ஒண்டுதான். அதுக்குப் பிறகு நாங்க என்ன போட்டாலும் கீழ ஒருத்தன் வந்து, "இது உண்மையா, இல்லாட்டி அண்டைக்கு மாதிரியா?" எண்டு கேட்பான். அவ ஒவ்வொண்டையும் வாசிப்பா, ஒண்டுக்கும் பதில் எழுத மாட்டா.

நாட்டுல சண்டை முடிஞ்சு ஊர் கொஞ்சம் நிம்மதியா இருந்த காலம். ஒரு பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, திரும்பவும் றோட்டுல அந்தச் சத்தம். "கடல் வருது! கடல் வருது!" எங்கட கண்ணுக்கு முன்னால சனம் மேற்கால ஓடுது. முதலாளி காக்கா வானிலை நிலையத்துக்குக் கோல் எடுத்தாரு. பூமி அதிரவும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல, ஒண்டுமே இல்ல எண்டு தெளிவாச் சொன்னாங்க. பள்ளிவாசல் மைக்குலயும் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தாங்க. ஆரு கேட்ட? கட்டார்ல இருந்து மகன் கோல் எடுத்து, "உம்மா, ஓடுங்க" எண்டா, எந்த உம்மா பள்ளி மைக்கைக் கேட்டுக்கொண்டு நிப்பா?

"அவங்களுக்குத்தான் காட்டணும்" எண்டு அவ ஒழும்பினா. "வெளிநாட்டுல இரிக்கிறவங்க நம்பினா, அவங்களே கோல் எடுத்து ஊட்டுக்குப் போகச் சொல்லுவாங்க."

"ஒண்டும் எழுதாத!" முதலாளி காக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. "போன தரம் பட்டது போதும் புள்ள!"

"ஒரு எழுத்தும் போடல்ல காக்கா. படம்தான்."

"என்ன படம்?"

அவ மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"கடல்" எண்டா.

நான் அவட முகத்தைப் பார்த்தன். பிறகு சொன்னன், "பழைய படமெண்டுவானுகள்கா." அவ சுவரைப் பார்த்தா. முதலாளி காக்காட தம்பி கட்டார்ல இருந்து அனுப்பின பெரிய மணிக்கூடு ஒண்டு அங்க தொங்கினிச்சு, நேரத்தோட திகதியும் காட்டுறது. "அதைக் கழட்டுங்க ராத்தா" எண்டா.

"நீ இரி. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"மணிக்கூட்டை ஆரு பிடிக்கிற? கெமராவை ஆரு பிடிக்கிற?"

முதலாளி காக்காவைத் தேடினன். அவரு அதுக்குள்ள மாமியைப் பிடிக்க மாவடிப்பள்ளிப் பக்கம் போயிட்டாரு. கடையில மிச்சம் நாங்க ரெண்டு பேர்தான்.

மெயின் றோட்டு ஓரத்துல வந்து அவ நிண்டா. "என்ட கையைப் பிடிங்க ராத்தா" எண்டா. பிடிச்சுக்கொண்டு கடந்தன்.

ஊர் முழுக்க மேற்கால ஓடுது, நாங்க ரெண்டு பேர் மட்டும் மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு கிழக்கால போறம். "எங்க போறீங்க? அங்க கடல் வருது!" எண்டு ஒரு மனுசி என்ட ஹபாயாவைப் பிடிச்சு இழுத்தா. "மணிக்கூட்டையா காப்பாத்துறீங்க? உசிரைக் காப்பாத்துங்க!" எண்டு ஒரு கிழவர் கத்தினாரு. "காப்பாத்தத்தான் போறம் வாப்பா, ஊட்டுக்குப் போங்க" எண்டு நானும் கத்தினன்.

கடற்கரைக்குத் திரும்புற சந்தியில ஒரு ஆமிக்காரன் காவல்ல நிண்டான். மணிக்கூட்டைக் கண்டதும் துவக்கைத் தூக்கிட்டான். சண்டை முடிஞ்சாலும் அந்தப் பயம் முடியல்லயே, மணிக்கூடு எண்டா அவனுக்குக் குண்டு ஞாபகம். "மொகத்த மே?" எண்டு கேட்டான், இது என்ன எண்டு. எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தையெல்லாம் கூட்டி, மணிக்கூடு, படம், கடல் எண்டு கையால விளங்கப்படுத்தினன். மணிக்கூட்டைத் திருப்பிப் பின்பக்கம், பெற்றரி, எல்லாம் பார்த்தான். திருப்பித் தந்துட்டு, மெதுவா, ஆருக்கும் கேட்கக் கூடாத மாதிரிக் கேட்டான்: "முஹுத எனவாத?" கடல் வருதா எண்டு. பாவம், அவனும் எந்த ஊர் உம்மா பெத்த புள்ளையோ. "நே, நே" எண்டு சொன்னன். அவன்ட முகம் தெளிஞ்சிச்சு. அவனை நிக்க வச்சுப் படம் எடுத்தாலே போதும், ஊர் நம்பும். ஆனா காவல்ல நிக்கிற ஆமிக்காரனைப் படம் எடுத்துட்டு ஆரு பதில் சொல்ற?

கடற்கரையில ஒரு குருவி இல்ல. தோணியெல்லாம் மணல்ல கிடக்கு. கடல் அது பாட்டுல வருது, போகுது. அவ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணலைப் பார்த்தபடி நிண்டா.

"மணிக்கூட்டை நெஞ்சுல பிடி" எண்டு நான் கெமராவைத் தூக்கினன்.

"வேணாம் ராத்தா. முகம் வரும்."

பெண்கள்ட முகத்தை எங்கட தளத்துல போடுறல்ல. ஊட்டு ஆக்கள் விரும்ப மாட்டாங்க, நாலு பேர் நாலு கதை கதைப்பாங்க. அதுக்கு இதுவா நேரம்? "இப்ப அதுவாகா முக்கியம்?" எண்டு நான் சீறினன்.

"ஆக்கள் கதைப்பாங்க எண்டில்ல ராத்தா. முகம் இரிந்தா எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பாங்க. இது ஆரு, ஆர்ட மகள் எண்டு பார்த்துக்கொண்டிரிப்பாங்க. மணிக்கூட்டையும் பார்க்க மாட்டாங்க, கடலையும் பார்க்க மாட்டாங்க."

"அப்ப மற்றப் பக்கம் திரும்பு."

சொன்ன பிறகுதான், மற்றப் பக்கம் என்ன இருக்கு எண்டு எனக்கு உறைச்சிச்சு. நாக்கைக் கடிச்சுக்கொண்டன். அவ என்னைப் பார்த்தா. "பிஸ்மில்லாஹ்" எண்டு சொல்லிட்டுத் திரும்பினா.

மணிக்கூட்டைத் தலைக்கு மேல தூக்கி, முள்ளு எனக்குத் தெரியிற மாதிரிப் பிடிச்சா. முதல் படம் கலங்கிப்போச்சு.

"ஆடாத புள்ள."

"நான் ஆடல்ல ராத்தா. கைதான் ஆடுது."

இன்னொண்டு எடுத்தன். அதுவும் கலங்கல். மூண்டாவது எடுக்கிறதுக்குக் கண்ணை வைக்கிறன், மணிக்கூடு அசையாம நிக்குது. எடுத்தன். மணிக்கூடு, அதுக்குக் கீழ கறுப்பு ஹபாயா, ரெண்டு பக்கமும் கடல். எல்லாம் தெளிவா வந்திருந்த.

"சரி, வந்திட்டு. வா போவம்."

அவ திரும்பல்ல. மணிக்கூட்டை மட்டும் கீழ இறக்கினா. எனக்கு அவட முகம் தெரியல்ல. முதுகைப் பார்த்துக்கொண்டே அழுதன், ஏன் பொய் சொல்லணும், நல்லா அழுதன்.

"கெதியா வாகா, சனம் ஓடிக்கொண்டிரிக்கி."

"ஓம் ராத்தா." கடலைப் பார்த்தபடியே, "இவ்வளவு கீழயா இரிக்கி இது? எனக்கு இவ்வளவு காலமும் ஊட்டுக் கூரைக்கு மேலதான் நிண்ட" எண்டா.

கடைக்கு ஓடி வந்தம். முகப்புப் பக்கத்துல இருந்த எல்லாத்தையும் அவ தூக்கினா. விளம்பரம், தலைப்பு, பெட்டி, என்ட கட்டுரை, ஒண்டும் மிச்சமில்ல. அந்தப் படம் மட்டும், பக்கம் முழுக்க. அந்தக் காலத்து இணைப்புல படம் மேல இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். முதல்ல வானம் வந்திச்சு, பிறகு மணிக்கூடு, பிறகு அவட தலை, கடைசியாக் கடல்.

முதல் கோல் தோஹாவுல இருந்து. "ஆரது, தலையில மணிக்கூட்டை வச்சிக்கொண்டு நிக்கிற?" எண்டு சிரிக்கிறான். சிரிக்கிறானா அழுகிறானா எண்டே தெரியல்ல. "அப்ப கடல் அங்கதான் இரிக்கா?"

"அங்கதான் மகனே. எங்கயும் போகல்ல. உம்மாக்குக் கோல் எடு" எண்டன்.

கொஞ்ச நேரத்துல றோட்டு மற்றப் பக்கமாத் திரும்பினிச்சு. பாயும் பொட்டணியுமாச் சனம் வருது, ஒருத்தரை ஒருத்தர் நக்கலடிச்சுக்கொண்டு வருது. முதலாளி காக்காட மாமி ஓட்டோவுல வந்து இறங்கினா, கோழியோட. "ஆரது அந்த மணிக்கூட்டுக்காரி? எங்கட மகன் சவூதியில இருந்து சொன்னான்" எண்டு கேட்டா. முதலாளி காக்கா அவவைக் காட்டினாரு. மாமி கிட்ட வந்து, அவட கன்னத்தைத் தடவி, தன்ட விரலை முத்திட்டுப் போனா.

அடுத்த நாள் காலையில நான் கடைக்குப் போகும்போது, அவ நேத்தையப் படத்தைத் திறந்து வச்சுப் பார்த்துக்கொண்டிருந்தா.

"ராத்தா, இதுல வானம் கூடிப் போச்சி. கடல் காணாது, குறைஞ்சு போச்சி. இன்னொருக்காப் போய் எடுக்கணும்."

நானும் குனிஞ்சு பார்த்தன். படத்துல ஒரு குறையும் இல்ல.

"ஓம்கா, வானம் கூடித்தான் போச்சி" எண்டன்.

கெமராவை எடுத்துக்கொண்டு நான் வெளிய வாறதுக்குள்ள அவ தனியா மெயின் றோட்டைக் கடந்து, கிழக்குப் பக்கம் நிண்டுகொண்டு, "கெதியா வாங்க ராத்தா" எண்டு கையைக் காட்டினா.